மேக்கர் மிஷின், செக்கர் யாருங்க?

"கோடிங் எழுதறதெல்லாம் இனிமே மிஷின் வேலை சார். நம்ம ஆளுங்க பார்த்து ஓகே பண்ணினாப் போதும்."

இந்த வசனத்தைச் சொல்லாத சாஃப்ட்வேர் மேனேஜர் இப்போது புனே ஹிஞ்சேவாடியில் ஒருத்தர்கூட இல்லை போலிருக்கிறது. பெங்களூர், ஹைதராபாத், குர்கான் என்று எங்கே போனாலும் இதே பாட்டுதான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்கிறார். ஊருக்குப் போகும் ரயிலில் எதிர் பெர்த்காரர் சொல்கிறார். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வேறு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பொட்டி தட்டும் கூட்டத்தைச் சேர்ந்தவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு, பேங்க் பரீட்சை எழுதி உள்ளே வந்தவன். ஜாவாவும் தெரியாது, பைத்தானும் தெரியாது. "அப்புறம் உனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அந்த வசனத்தின் முதல் பாதியோடு, அதாவது மிஷின் கோடிங் எழுதுவதோடு, எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. எழுதட்டும். நன்றாகவே எழுதுகிறது என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் இரண்டாம் பாதி இருக்கிறதே, "பார்த்து ஓகே பண்ணினாப் போதும்", அது என் தொழில். இருபது வருஷமாக எனக்குச் சம்பளம் தருவதே பார்த்து ஓகே பண்ணுவதற்குத்தான். அந்த உரிமையில் சொல்கிறேன்: இன்றைக்கு நிறைய சாஃப்ட்வேர் ஆபீஸ்களில் நடப்பது சரிபார்ப்பு இல்லை, வெறும் ரப்பர் ஸ்டாம்ப். அந்த ஸ்டாம்பில் இருக்கும் பெயர் நம் வீட்டுப் பிள்ளைகளுடையது.

ரெண்டு சாவி சமாச்சாரம்

பேங்கில் வேலை பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம்.

எந்தக் கிளையிலும் பணப் பெட்டகத்துக்கு ரெண்டு சாவி. ரெண்டும் வேறு வேறு ஆள் கையில். ஒருத்தர் மட்டும் தனியாகத் திறக்கவே முடியாது. ஒருத்தர் லீவு போட்டால் சாவியை எழுத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் போகவேண்டும். இதே தத்துவம்தான் கம்ப்யூட்டரிலும். ஒரு என்ட்ரியைப் போடுகிறவர் மேக்கர். அதைச் சரிபார்த்து பாஸ் பண்ணுகிறவர் செக்கர். நான் போட்ட என்ட்ரியை நானே பாஸ் பண்ண முயன்றால் கம்ப்யூட்டர் விடாது. அதோடு ஒவ்வொரு அதிகாரிக்கும் ‘பாஸிங் பவர்’ என்று ஒன்று உண்டு. இந்தத் தொகை வரைக்கும் நீ பாஸ் பண்ணலாம், அதற்கு மேல் போனால் உனக்கு மேலே உள்ளவர்.

இதெல்லாம் ஊழியர்களைத் திருடர்கள் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு இல்லை. தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் முக்கியக் காரணம். ஒரு லட்சத்துக்குப் பதில் ஒரு சைபர் சேர்த்துப் பத்து லட்சம் என்று தட்டியவன், நாலு தடவை பார்த்தாலும் அதை ஒரு லட்சம் என்றுதான் படிப்பான். இன்னொரு ஜோடிக் கண் வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். பாஸ் பண்ணினவர் யார், எத்தனை மணிக்குப் பண்ணினார் எல்லாம் கம்ப்யூட்டரில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். நாளைக்கு ஏதாவது ஏடாகூடம் என்றால் மேக்கருக்கு வரும் மெமோ செக்கருக்கும் வரும். "அவசரத்துல நான் சரியாப் பார்க்கலை சார்" என்று சொன்னால் அது தற்காப்பு இல்லை, ஒப்புதல் வாக்குமூலம்.

"ஆஹா, உங்க பேங்க்ல எல்லாம் ஒழுங்கா நடக்குதாக்கும்" என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். 2018 பிப்ரவரியில் வெளியே வந்த பஞ்சாப் நேஷனல் பேங்க் விவகாரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மும்பை பிரேடி ஹவுஸ் கிளையிலிருந்து ஸ்விஃப்ட் வழியாக வெளிநாட்டுக்கு உத்தரவாதச் செய்திகள் போய்க்கொண்டே இருந்தன. பேங்கின் மையக் கணக்கில், அதாவது சிபிஎஸ்ஸில், அதற்கான பதிவே இல்லை. தொகை 13,000 கோடி ரூபாயைத் தாண்டியது. யார் குற்றவாளி என்பதைக் கோர்ட் சொல்லட்டும். எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான்: விதி புத்தகத்தில் இருந்தால் போதாது, நடைமுறையில் உயிரோடு இருக்கவேண்டும். அதற்குப் பிறகு ஸ்விஃப்ட்டையும் சிபிஎஸ்ஸையும் கட்டாயம் இணைக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. அடிபட்டுத்தான் பேங்க்காரன் திருந்தினான். சாஃப்ட்வேர்காரர்கள் அந்த அடியை வாங்காமலே கற்றுக்கொள்ளலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

ஓகே பட்டன்

எங்கள் குடியிருப்பில் ஒரு விருதுநகர்க் குடும்பம். பையன் பி.இ. முடித்து இங்கேயே ஒரு கம்பெனியில் மூன்றாவது வருஷம். தங்கமான பிள்ளை. பொங்கல் விழாவுக்கு நாற்காலி அடுக்குவதிலிருந்து எல்லா வேலையும் இழுத்துப்போட்டுச் செய்வான். அவனிடம் கேட்டேன், "என்னப்பா, மிஷின் எழுதுதாமே, உனக்கு வேலை குறைஞ்சிருக்கா?"

"குறையலை அங்கிள், மாறிப்போச்சு. முன்னாடி ஒரு நாளைக்கு எரநூறு வரி நானே எழுதுவேன். இப்ப ரெண்டாயிரம் மூவாயிரம் வரி வருது. படிச்சுப் பார்த்து அப்ரூவ் பண்ணணும்."

"மூவாயிரம் வரியையும் படிப்பியா?"

சிரித்தான். "படிச்சா ஸ்பிரின்ட் முடியாது அங்கிள். மேலாப்பல பார்ப்பேன். டெஸ்ட் பச்சையா வந்துடுச்சான்னு பார்ப்பேன். ஓகே குடுத்துடுவேன்."

"அந்த டெஸ்ட்டை யார் எழுதினது?"

"அதையும் மிஷின்தான்."

"ஏதாவது வெடிச்சா?"

"லாக்ல அப்ரூவ்டு பைன்னு என் பேர்தானே இருக்கு."

இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. மூன்று வருஷ அனுபவமுள்ள ஒரு பையன், தான் எழுதாத, தான் படிக்காத மூவாயிரம் வரிக்குத் தினமும் கையெழுத்துப் போடுகிறான். எங்கள் பேங்கில் புதிதாகச் சேர்ந்த அதிகாரிக்கு இப்படி எல்லையில்லாத பாஸிங் பவர் யாராவது கொடுத்தால் இன்ஸ்பெக்ஷனில் கிளை மேலாளரைக் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள். இங்கே அதற்குப் பெயர் ‘புரொடக்டிவிட்டி’.

அவன் சோம்பேறி இல்லை என்பதைக் கவனியுங்கள். படித்தால் வேலை முடியாது என்கிற மாதிரி கெடு வைத்தது அவன் இல்லை. வேகத்தை நிர்ணயிப்பவர் மேலே ஒருத்தர். மாட்டிக்கொள்ளும் பெயர் கீழே ஒருத்தருடையது. இந்த ஏற்பாட்டைத்தான் நான் எதிர்க்கிறேன்.

செக்கர் இல்லாத வீடு

"சும்மா பயமுறுத்தாதீங்க, இதுவரைக்கும் என்ன ஆயிடுச்சு?" என்பவர்களுக்கு மூன்று சம்பவங்கள். முதல் இரண்டும் ஏஐ வருவதற்கு முன்னால் மனிதர்களே எழுதிய புரோகிராம்களால் வந்தவை. அதனால்தான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்று பங்குச்சந்தை நிறுவனம் ஒன்று இருந்தது. 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி காலை. புதிய புரோகிராமை எட்டு சர்வர்களில் ஏற்றவேண்டும். ஏற்றியவர் ஒன்றை விட்டுவிட்டார். அந்த எட்டாவது சர்வரில் என்றோ கைவிட்ட பழைய கோடிங் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. சந்தை திறந்ததும் விழித்துக்கொண்டு கண்டபடி ஆர்டர் போட ஆரம்பித்தது. சுமார் 45 நிமிஷத்தில் 46 கோடி டாலர் காலி. சந்தை திறக்கும் முன்பே எச்சரிக்கை மாதிரி 97 மின்னஞ்சல்கள் வந்திருந்தன, யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு விசாரித்த அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2013-ல் போட்ட உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? முதல் ஆள் செய்ததை இரண்டாவது ஆள் ஒருத்தர் சரிபார்க்கவில்லை, சரிபார்க்கவேண்டும் என்று எழுத்தில் விதியும் இல்லை. அவ்வளவுதான். செக்கர் இல்லை!

இரண்டாவது, பிரிட்டன் தபால்துறை. ஹொரைசன் என்று ஒரு கணக்கு சாஃப்ட்வேர். கிளைத் தபால் நிலையங்களில் பணம் குறைகிறது என்று அது காட்டியது. உண்மையில் பல இடங்களில் பணம் குறையவே இல்லை, புரோகிராம் தப்பு. ஆனால் கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நிர்வாகமும் நம்பியது, கோர்ட்டும் நம்பியது. 1999-க்கும் 2015-க்கும் நடுவில் 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். கர்ப்பிணியாக இருந்த இந்திய வம்சாவளிப் பெண் ஒருத்தரை ஜெயிலுக்கே அனுப்பினார்கள். இந்தக் கொடுமையால் குறைந்தது 13 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்று 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கை சொல்கிறது. தண்டனைகளை ரத்து செய்ய 2024-ல் தனிச் சட்டமே போடவேண்டியதாயிற்று. கேஷ் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் எந்த பேங்க்காரனும் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கமுடியாது.

மூன்றாவதுதான் நேரடியாக ஏஐ. 2025 ஜூலை. ரெப்ளிட் என்கிற கம்பெனியின் ஏஐ ஏஜென்ட்டை வைத்து ஒரு தொழிலதிபர் புரோகிராம் செய்துகொண்டிருந்தார். "இப்போது எதையும் மாற்றாதே" என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். அதையும் மீறி அது நிஜ டேட்டாபேஸை அழித்துவிட்டது. 1,200-க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள். கேட்டால், மீட்கமுடியாது என்று வேறு சொல்லியது. அதுவும் தப்பு, மீட்க முடிந்தது. கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். சோதனைக்கு ஒரு டேட்டாபேஸ், நிஜத்துக்குத் தனியாக ஒன்று என்று பிரித்து வைக்கும் ஏற்பாட்டை அதற்குப் பிறகு கொண்டுவந்தார்கள். அதாவது திருட்டுப் போன பிறகு ரெண்டாவது சாவி செய்தார்கள்.

எதிர்க்கட்சி வாதங்கள்

இதைப் பேசினால் வழக்கமாக வரும் பதில்கள் நாலு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "எண்பதுகளில் கம்ப்யூட்டரையும் இப்படித்தானே எதிர்த்தீங்க?"

ஆமாம், பேங்க் யூனியன்கள் எதிர்த்தன. பிறகு ஒப்பந்தம் போட்டார்கள், 1984-ல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை வந்தது, படிப்படியாகக் கம்ப்யூட்டர் வந்தது. வந்தது நல்லதுதான். பேலன்ஸ் டேலி ஆகாமல் ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருந்த கதைகளை சீனியர்களிடம் கேட்டவன் நான். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? கம்ப்யூட்டர் வந்ததும் "இனிமே மிஷின் கூட்டல் தப்பா போடாது, செக்கர் எதுக்கு?" என்று யாரும் சொல்லவில்லை. மேக்கர்-செக்கர் விதியைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்துப் பூட்டினோம். மிஷினை உள்ளே விட்டோம், சாவியைக் கொடுக்கவில்லை. அதே மரியாதையை ஏஐக்கும் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

2. "கால்குலேட்டர் மாதிரி இது ஒரு கருவி."

கால்குலேட்டரில் 17-ஐ 23-ஆல் பெருக்கினால் இன்றைக்கும் 391, நாளைக்கும் 391. இந்த ஏஐயிடம் ஒரே கேள்வியை ரெண்டு தடவை கேட்டால் ரெண்டு விதமான கோடிங் வரலாம். இல்லாத லைப்ரரியை இருப்பதாகச் சொல்லி அதைச் சேர்த்துக்கொள் என்றும் எழுதும். அந்த இல்லாத பெயரிலேயே விஷம் வைத்த ஒன்றைத் தயாரித்து இணையத்தில் போட்டுக் காத்திருக்கலாம் என்பதையும் திருடர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கால்குலேட்டரை நம்பும் மாதிரி இதை நம்பக்கூடாது. கெட்டிக்காரத்தனமான, வேகமான, ஆனால் தெரியாததையும் தெரிந்த மாதிரி பேசும் ஒரு புது கிளார்க் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட கிளார்க் போட்ட வவுச்சரை நான் ரெண்டு தடவை பார்ப்பேன்.

3. "சரிபார்க்கவும் இன்னொரு ஏஐயை வெச்சுட்டோமே!"

அண்ணன் கையில் ஒரு சாவி, தம்பி கையில் ஒரு சாவி, ரெண்டு பேரும் ஒரே வீடு. இதற்கு எந்த ஆடிட்டராவது ஒத்துக்கொள்வாரா? ஒரே மாதிரி பாடம் படித்து வளர்ந்த ரெண்டு மிஷின்கள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தப்பு விட வாய்ப்பு உண்டு. இன்னொரு ஏஐ சில தப்புகளைப் பிடிக்கும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மெமோ கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். மிஷினைச் சஸ்பெண்ட் பண்ணமுடியுமா? அதற்கு இன்க்ரிமென்ட் கட் உண்டா? :-)

4. "வேகம் சார், வேகம்! அதைப் பாருங்க."

பார்த்தேன். 2025-ல் மீட்டர் என்கிற அமெரிக்க ஆய்வு அமைப்பு ஒரு சோதனை செய்தது. அனுபவமுள்ள 16 புரோகிராமர்கள், அவர்களுக்கு நன்றாகப் பழக்கமான கோடிங்கிலேயே 246 வேலைகள். பாதி ஏஐ உதவியோடு, பாதி இல்லாமல். ஏஐயை வைத்துச் செய்தபோது 19 சதவீதம் அதிக நேரம் ஆனது. ஆனால் முடிந்த பிறகு அவர்களைக் கேட்டால், 20 சதவீதம் வேகமாகச் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்! சின்ன ஆய்வுதான், அந்த வருஷ ஆரம்பத்துக் கருவிகள்தான். கருவிகள் மாதா மாதம் மாறுகின்றன, நாளைக்கு முடிவு வேறு மாதிரி வரும். எனக்கு முக்கியம் அந்த 19 இல்லை. வேகமாகப் போகிறோம் என்கிற நினைப்பும் நிஜ வேகமும் வேறு வேறு என்பதுதான். உட்கார்ந்து எழுதும் நேரம் மிச்சமாவது கண்ணுக்குத் தெரிகிறது. படித்துப் புரிந்துகொள்ளும் நேரம் கணக்கிலேயே வருவதில்லை. கணக்கில் வராத செலவைத் தள்ளிவிட்டு லாபம் காட்டுவதற்கு எங்கள் காமர்ஸில் வேறு பெயர்.

இன்னொன்று. நம்ம மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, கூகுளில் புதிதாக எழுதப்படும் கோடிங்கில் கால்வாசிக்கு மேல் ஏஐ உருவாக்குவதாக 2024 அக்டோபரில் சொன்னார். எல்லா மேனேஜரும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். அதே வாக்கியத்தில், பொறியாளர்கள் அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்கிறார்கள் என்றும் அவர் சொன்னார். அந்தப் பாதி மட்டும் ஏன் யார் காதிலும் விழவில்லை?

மேக்கர் இல்லாமல் செக்கர் ஏது?

இப்போது வருகிறேன் எனக்கு உண்மையிலேயே தூக்கம் கெடுக்கும் விஷயத்துக்கு.

பேங்கில் புதிதாகச் சேரும் புரொபேஷனரி ஆபீசரை நேராக லோன் பாஸ் பண்ண உட்காரவைப்பதில்லை. ரெண்டு வருஷம் டேபிள் டேபிளாகச் சுற்றுவார். கேஷ், கிளியரிங், டெபாசிட், அட்வான்ஸ். கை வலிக்க என்ட்ரி போட்டால்தான் அடுத்தவர் என்ட்ரியில் எங்கே தப்பு ஒளிந்திருக்கும் என்று மூக்கில் வாசனை அடிக்கும். நல்ல செக்கர் என்பவர் முன்னாள் மேக்கர். வேறு வழியில் செக்கர் உருவானதாக நான் பார்த்ததில்லை.

சாஃப்ட்வேரில் இப்போது அந்த அடிப்படியைத்தான் உடைக்கிறார்கள். "ஃப்ரெஷர் செய்யும் வேலையை ஏஐ செய்யும், ஃப்ரெஷர் எதுக்கு?" என்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் சம்பளப் பட்டியல்களை வைத்து 2025 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 22 முதல் 25 வயது சாஃப்ட்வேர் டெவலப்பர்களின் வேலைவாய்ப்பு, 2022 கடைசியில் இருந்த உச்சத்திலிருந்து 20 சதவீதத்துக்குக் கிட்டத்தட்டக் குறைந்துவிட்டது. காரணம் ஏஐ மட்டும்தானா என்று அங்கே சண்டை நடக்கிறது. நடக்கட்டும். இங்கே, டிசிஎஸ் 2025 ஜூலையில் சுமார் 2 சதவீதம் பேரை, 12,000-க்கும் மேற்பட்டவர்களை, வெளியே அனுப்பப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள். இதற்கு ஏஐ காரணமில்லை என்று கம்பெனி சொன்னது. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். துறை முழுக்க, கீழே மேக்கரை எடுக்கத் தயக்கம், மேலே செக்கருக்கு விடைகொடுப்பு என்று போனால் பத்து வருஷம் கழித்துப் பார்த்து ஓகே பண்ணுவதற்கு யார் இருப்பார்கள்?

இது கம்பெனிகளின் கவலை மட்டும் இல்லை. எஜுகேஷன் லோன் பேப்பர் என் டேபிளுக்கு வருகிறது, அதனால் தெரியும். பி.இ. படிப்புக்கு ஏழரை லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாமல் கடன். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்டவேண்டாம். அதற்குப் பிறகு, வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தவணை ஆரம்பம். 10 சதவீத வட்டி, 10 வருஷம் என்று வைத்தால் மாதம் 9,900 ரூபாய்க்கு மேல். படிக்கும் காலத்து வட்டியும் அசலில் சேர்ந்தால் இன்னும் ஏறும். பையன் கையெழுத்துக்குப் பக்கத்தில் அப்பா கையெழுத்து. பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்து, இங்கே இந்தி, மராத்தி என்று தட்டுத்தடுமாறிப் பேசி, ஒரு பிள்ளையை கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கவைத்த அப்பா. அவருக்கு ஏணியின் முதல் படியே போய்விட்டது என்பதை யார் போய்ச் சொல்வது?

என்ன செய்யலாம்?

கம்பெனிகளுக்கு நாலு வரி. பேங்க்காரன் பாஷையில்.

ஒன்று, கோடிங்குக்கும் பாஸிங் பவர் வையுங்கள். மூன்று வருஷ அனுபவத்துக்கு ஒரு நாளைக்கு இத்தனை வரிதான் அப்ரூவ் பண்ணலாம், பணம், உடல்நலம் சம்பந்தப்பட்ட இடங்களில் ரெண்டு சீனியர் கண் கட்டாயம் என்று எழுத்தில் விதி போடுங்கள். ரெண்டு, டெஸ்ட்டையாவது மனிதன் எழுதட்டும். வவுச்சரும் பாஸிங்கும் ஒரே கையில் வேண்டாம். மூன்று, கெடு நிர்ணயித்தவரின் பெயரும் லாகில் வரட்டும். ஒரு மணி நேரத்தில் மூவாயிரம் வரி பார் என்றவரும் பொறுப்பேற்கட்டும். நாலு, ஃப்ரெஷரை எடுங்கள், முதல் வருஷம் கையால் எழுதவிடுங்கள். அது தர்மம் இல்லை. பத்து வருஷம் கழித்து உங்களுக்கு வேண்டிய செக்கருக்கு இப்போது கட்டும் ரெக்கரிங் டெபாசிட்.

பேங்க்களைப் பொறுத்தவரை இது ஓரளவு ஏட்டில் வந்துவிட்டது. ரிசர்வ் வங்கி அமைத்த ஏஐ கமிட்டி 2025 ஆகஸ்டில் கொடுத்த அறிக்கையில் ஏழு சூத்திரங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று பொறுப்பேற்பு. ஏஐயை யார் பயன்படுத்துகிறாரோ அந்த நிறுவனம்தான் பொறுப்பு, மிஷின் மேல் பழி போடமுடியாது. பேங்குக்கு ஆகும் நியாயம் மற்ற சாஃப்ட்வேருக்கு ஆகாதா?

அடுத்தது நமக்கு. வெளியூரில் குடியிருக்கும் நம் வீடுகளுக்கு.

பிள்ளையைப் பார்த்து "ஏஐ கத்துக்கிட்டியா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். கருவியைப் பழகுவது ரெண்டு வாரச் சமாச்சாரம். அதற்கென்று லட்சக்கணக்கில் ஃபீஸ் கேட்கும் கோர்ஸுக்குக் கடன் வாங்கவும் வேண்டாம். "மிஷின் இல்லாம இதைப் படிச்சுப் புரிஞ்சுக்க முடியுமா உன்னால?" என்று கேளுங்கள். முடியும் என்றால் அவனுக்கு வேலை இருக்கும், அவளுக்கு மரியாதை இருக்கும். கல்லூரியில் இருக்கும் பிள்ளைகள் அசைன்மென்ட்டை ஏஐயிடம் கொடுத்து மார்க் வாங்குவது, புரொபேஷன் காலத்தில் அடுத்தவரை விட்டு கேஷ் எண்ணச் சொல்லும் ஆபீசர் மாதிரி. கள்ளநோட்டு வரும் நாளில் விரல் கண்டுபிடிக்காது.

வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று. படிக்காததற்கு ஓகே கொடுக்காதீர்கள். நேரம் போதவில்லை என்றால் வாயால் சொல்லாதீர்கள், மெயிலில் எழுதுங்கள்: "இது இவ்வளவு வரி, முழுக்கப் பார்க்க இவ்வளவு நேரம் வேண்டும்." மேனேஜர் முறைப்பார். முறைக்கட்டும். "நீங்க சொன்னீங்கன்னுதானே சார் பண்ணினேன்" என்பதற்குச் சாட்சி கிடையாது. மெயிலுக்கு உண்டு. எங்கள் பேங்கில் வாய்மொழி உத்தரவில் பாஸ் பண்ணிவிட்டு ரிட்டயர்மென்ட் நேரத்தில் விசாரணைக்கு அலைந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? உத்தரவு போட்டவர் அப்போது "எனக்கு ஞாபகமே இல்லையே" என்பார்.

மிஷின் எழுதட்டும். பக்கம் பக்கமாக எழுதட்டும். கீழே போடும் கையெழுத்து நம் பிள்ளையுடையது. படிக்க நேரம் கொடுக்காதவனுக்கு அந்தக் கையெழுத்தைக் கேட்க உரிமை இல்லை.

டிஸ்கி: இது என் சொந்தக் கருத்து, என் பேங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பொட்டி தட்டும் நண்பர்கள் பின்னூட்டத்தில் தாராளமாகத் திட்டலாம். ஒரே ஒரு வேண்டுகோள், திட்டுவதற்கு முன்னால் முழுசாகப் படித்துவிடுங்கள். ஹி ஹி.